கழுத்துக்குக் கீழே ராஜா

புதிதாகப் பிரஷ் பிடித்திருக்கும் தம்பிகளுக்கு முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பெரிய ஓவியன் இல்லை. என் வாழ்நாளில் ஒரு முகம்கூட எழுதியதில்லை. திருச்சி தென்னூரில் ஒரு பட்டறையில் நாங்கள் சீமை ராஜா குடும்பத்துப் படங்களை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் என் ராஜ்யம் கழுத்துக்குக் கீழே தொடங்கி பூட்ஸ் நுனியில் முடிந்தது. சட்டை என்னுடையது, பொத்தான் என்னுடையது, மார்பில் தொங்கும் மெடல் ஒவ்வொன்றும் என்னுடையது. கழுத்துக்கு மேலே நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

இதற்குக் காரணம் என் அத்தா. பெரிய கடைவீதியில் அத்தர் விற்றவர். நான் படம் எழுதப் போகிறேன் என்று சொன்னதும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு சமாதானத்துக்கு வந்தார். "உசிருள்ளதோட மூஞ்சிய எழுதாத. சட்டைதானே? சட்டைக்கு ஏது உசிரு. எழுதிக்க. ஆனா ஒரு புகார்னு வந்துச்சு, நேரா ஒன் மாமன் மண்டிதான்" என்றார். மாமன் நடத்தியது தோல் மண்டி. அந்த வாடை அவருக்கு முன்னால் தெருவுக்குள் வந்துவிடும். அத்தா விற்கும் அத்தரில் பாதியை மாமனே வாங்கிப் பூசிக்கொள்வார், அப்படியும் பிரயோஜனமில்லை. மண்டிக்குப் போவதைவிட ராஜாவின் பூட்ஸைக் காலமெல்லாம் பளபளக்க வைப்பது மேல் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

பட்டறை என்றால் பட்டறைதான். ஒரு ஆள் ஒரு படத்தை ஆரம்பித்து முடிக்கிற வழக்கம் அங்கே கிடையாது. ஒருவர் பின்னால் தொங்கும் திரையையும் கீழே விரிந்த கம்பளத்தையும் எழுதுவார். நான் உடம்பு. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஜட்காவில் வருகிற வரதன் முகம். என் வயதுதான் அவனுக்கும். ஆனால் முகம் எழுதுகிறவன் என்ற கர்வம் நடையிலேயே தெரியும். கோயில் பழக்கத்தில் ராஜாவைப் பற்றிப் பேசும்போதும் பெருமாளுக்குப் பேசுகிற மாதிரியே பேசுவான். "இன்னிக்கு மூணு திருமுகம் எழுந்தருளியாச்சு" என்பான். நான் பதிலுக்கு, "எனக்கு எட்டு பூட்ஸ் எழுந்தருளியாச்சு" என்பேன். ராஜாவின் மார்பு ராணிக்குத் தெரிவதைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று பட்டறையில் அடிக்கடி பீற்றிக்கொள்வதும் உண்டு. அந்தப் பீற்றல்தான் பின்னால் என் கழுத்தைப் பிடித்தது.

உடம்புகளை முன்கூட்டியே எழுதிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிடுவோம். தலை கடைசியில் வரும். இதனால் பட்டறைக்குள் புதிதாக நுழைகிறவர்கள் மெடலும் வாளுமாக வரிசையாக நிற்கும் தலையில்லாத ராஜாக்களைப் பார்த்து அரண்டு போவார்கள். ஒரு தபால்காரர் மணியார்டர் ஃபாரத்தை வாசலிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் தலைவலிக்கு மந்திரித்துக்கொண்டதாகக் கேள்வி.

இன்னொரு வழக்கம் இருந்தது, அதைச் சொல்லாமல் கதை நடக்காது. எங்கள் முதலாளி முன்பு சாமி படம் எழுதியவர். சாமி படத்தில் கண்ணை மட்டும் கடைசிவரை எழுதாமல் வைத்திருந்து, நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்துத் திறப்பார்கள். ராஜா படத்துக்கு மாறிய பிறகும் அவர் அதை விடவில்லை. மொத்தப் படங்களும் தயாரானதும் ஒரே காலையில் வரதன் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு வந்து எல்லா ராஜாக்களுக்கும் கண் திறப்பான். கண் திறந்த படத்தில் அப்புறம் யாரும் பிரஷ் வைக்கக் கூடாது. பொத்தானில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் விட்டதுதான். பட்டறையில் அதற்கு மேல் சட்டம் கிடையாது.

சுதந்திரத்துக்கு ஊரெல்லாம் ஜெயிலுக்குப் போன காலத்தில் ராஜாவுக்கு மெடல் குத்திக்கொண்டிருந்தாயே, வெட்கமாக இல்லையா என்று என் மகனே கேட்டிருக்கிறான். கொஞ்சம் வெட்கம்தான். ஆனால் வெல்வெட்டின் மீது ஒரு வெளிச்சக் கோடு சரியாக விழுந்துவிட்டால் வருகிற சந்தோஷத்துக்குக் கட்சி தெரியாது. நீங்களும் கட்சி மாற்றிக் கட்சி பேனர் எழுதுகிறவர்கள், உங்களுக்கு இது புரியும்.

முப்பத்தாறாம் வருஷம். தாடி வைத்த பெரிய ராஜா காலமாகி, மூத்த மகன் பட்டத்துக்கு வந்திருந்தார். முடிசூட்டு விழா அடுத்த வருஷம். அதற்குள் பள்ளிக்கூடங்களிலும் ஆபீஸ்களிலும் மாட்டுவதற்கு இருபத்துநான்கு படம் வேண்டுமென்று ஜில்லா போர்டிலிருந்து ஆர்டர் வந்தது. பார்த்து எழுதுவதற்கு ஒரு பெரிய போட்டோவும் வந்தது. யாரோ ஒரு ஸ்டூடியோக்காரர் கண்ணாடித் தகட்டிலிருந்து பெரிதாக்கிக் கொடுத்த போட்டோ.

அந்தப் போட்டோவை முதல்முறை கையில் வாங்கிய நிமிஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏதோ உறுத்தியது. பெரிய ராஜாவுக்கு மெடல்களை இடது மார்பில் எழுதி எழுதி என் கை பழகியிருந்தது. இதில் எல்லாம் வலது மார்பில் இருந்தன. எழுந்து போய் முதலாளியிடம் கேட்டிருக்கலாம். பத்தடி தூரம்தான். ஆனால் ராஜாவின் மார்பை ராணியைவிட அறிந்தவன் எப்படிப் போய்க் கேட்பான்? வரதன் சிரிப்பான். அதனால் எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன்: புது ராஜா, வாலிபர், புது ஃபேஷன். அப்படியே எழுதினேன், ஒன்றல்ல, இருபத்துநான்கு. பத்தாவது படத்துக்குள் உறுத்தலும் போய்விட்டது. வலது மார்பில் மெடல் எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுகூடத் தோன்ற ஆரம்பித்தது.

தகட்டை ஸ்டூடியோக்காரர் திருப்பிப் போட்டு அச்செடுத்துவிட்டார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. ராஜாவே இடம் வலமாக மாறித்தான் தென்னூருக்கு வந்திருந்தார்.

அது கார்த்திகை மாதம். எனக்கு ரமலான் நோன்பு, வெளியே விடாத மழை. சீமையில் ராஜாவுக்கும் மந்திரிகளுக்கும் ஏதோ தகராறு என்று ஒரு வாரமாகப் பேப்பரில் புகைந்துகொண்டிருந்தது. முதலாளி அதை நம்பவில்லை. "கண்ணத் திறந்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்று கண் திறப்பை முன்னாலேயே வைத்துவிட்டார். ஒரு வியாழக்கிழமை காலை வரதன் இருபத்துநான்கு ராஜாக்களுக்கும் கண் திறந்தான். தேங்காய் நன்றாக உடைந்தது. எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல். என் பங்கை வாழையிலையில் கட்டி, நோன்பு திறந்த பிறகு சாப்பிடச் சொல்லி முதலாளி கொடுத்தார்.

அன்று மதியம் ஒரு டிரில் மாஸ்டர் வந்தார். போர்டு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தேகப்பயிற்சி சொல்லிக்கொடுப்பவர். அதற்கு முன் பட்டாளத்தில் இருந்து, பெரிய சண்டையில் பஸ்ரா வரைக்கும் போய்வந்தவர். தன் பள்ளிக்கூடத்துக்கு வரப்போகும் படத்தை முன்னாலேயே பார்த்துவிட ஆசை. முதல் படத்துக்கு முன்னால் போய் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். கையை இறக்கவில்லை. அப்படியே நின்றார். பிறகு இன்னொரு கையைத் தன் இடது மார்பில் வைத்துத் தடவிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி தடவினார்.

நல்லவேளை, பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"பாய், உடம்பு யாரு எழுதுனது?"

"நான்தாங்க."

"மெடல் இந்தப் பக்கம்ல குத்துவாங்க" என்று தன் இடது மார்பைக் காட்டினார். "ராஜாவா இருந்தாலும் சிப்பாயா இருந்தாலும் இந்தப் பக்கம்தான்."

"புது ஃபேஷனா இருக்கலாமேங்க" என்றேன்.

"பட்டாளத்துல ஏதுங்க ஃபேஷன்?" அவர் இருபத்துநான்கு படங்களையும் ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு வந்தார். "எல்லாமே இப்படித்தான் இருக்கு. மொதலாளிக்குத் தெரியுமா?"

தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

"நான் சொன்னா கோள் சொன்னாப்ல ஆயிடும். நாளைக்கு நீங்களே சொல்லிடுங்க. நான் நாளைக்கு வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது படத்துக்குச் சல்யூட் அடிக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன். கண் திறந்த படத்தைத் திருத்த முடியாது, ஆர்டர் கெட்டது, என் வேலை போனது, மாமன் மண்டி வாசல் திறந்தது, எல்லாம் தெரிந்துதான் போனேன். பட்டறை வாசலில் வாயைத் திறக்கிறேன், முதலாளி பேப்பரும் கையுமாக மழையில் நனைந்துகொண்டே ஓடி வருகிறார்.

"ராஜா போயிட்டாருய்யா."

வரதன் பிரஷைக் கீழே வைத்தான். "அடடா. திருமேனிக்கு என்ன?"

"திருமேனிக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்காரு. வேலைய விட்டுட்டாரு."

"ராஜா எப்படி வேலைய விடுவார்? யார்கிட்ட எழுதிக் கொடுப்பார்?"

"எழுதிக் குடுத்துட்டாராம்யா. போட்டிருக்கான் பாரு. ஒரு அம்மாளக் கல்யாணம் கட்டிக்கணுமாம். மந்திரிங்க கூடாதுன்னுட்டாங்களாம். அப்ப எனக்கு இந்த வேலையே வேணாம்னுட்டாராம்."

வரதனுக்கு இது பிடிக்கவில்லை. "எங்க கோயில்ல துலுக்க நாச்சியார் சந்நிதி இருக்கு. பெருமாள் மேல ஆசைப்பட்டு டில்லியிலேர்ந்து வந்தவ. இன்னிக்கும் அவளுக்காக ரொட்டி அமுது பண்றோம். அதுக்காகப் பெருமாள் சிம்மாசனத்தை விட்டாரா? ரெண்டையும் வெச்சுக்கத் தெரியணும்" என்றான்.

தம்பிகளே, அந்த நிமிஷத்தில் அந்த ராஜாவின் ஆட்சிக்குட்பட்ட அத்தனை தேசத்திலும் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். படமே வேண்டாம் என்றால் மெடலை யார் பார்க்கப் போகிறார்கள்? வலது மார்பாவது இடது மார்பாவது. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார், நான் படங்களுக்குப் பின்னால் போய் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறேன். முகம் தெரியாத அந்த அம்மாளுக்காக துஆ கேட்டேன். நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் அவளுக்குக் கிடைக்கட்டும் என்று உருகினேன். சிரித்தால் நோன்பு முறியாது என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தால் முதலாளி எழுந்து நிற்கிறார். முகத்தில் தெளிவு வந்திருக்கிறது. "பட்டத்துக்கு யாரு வர்றா? கூடப்பொறந்த தம்பி. அண்ணனும் தம்பியும் ஒரே உசரம், ஒரே வாட்டம். அப்ப உடம்பு எதுக்கு மாத்தணும்? உடம்பு அப்படியே இருக்கட்டும். மூஞ்சிய மட்டும் சுரண்டிட்டு தம்பி மூஞ்சிய வெச்சுடுவோம்."

என் சிரிப்பு அங்கேயே நின்றது. என் உடம்புகள் அத்தனையும் பிழைத்துவிட்டன.

என்னைக் காப்பாற்ற வந்தவன் வரதன். "முடியாது" என்றான். "நேத்திக்குக் கண் திறந்தாச்சு. பார்க்கறது பாருங்கோ. பார்த்துண்டிருக்கிற கண்ணைச் சுரண்டினா என் கண்ணு என்னாகும்? வேணும்னா புதுக் கித்தான்ல புதுசா எழுதலாம். இதைத் தொடமாட்டேன்."

புதுக் கித்தான் என்றால் புது உடம்பு. இடது மார்பு. நான் வரதன் பக்கம் தாவினேன். அதுவரை அவனோடு எதிலும் ஒத்துப்போகாதவன், கண் திறப்பின் மகிமையைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். பெரியவர்கள் காரணமில்லாமல் ஒரு வழக்கத்தை வைக்க மாட்டார்கள் என்றேன். சாஸ்திரத்தை மீறிய பட்டறை எதுவும் விளங்கியதில்லை என்றேன். நோன்பு வைத்த வாயால் சொல்கிறேன், அந்தக் கண்ணைத் தொடாதீர்கள் என்றேன். வரதனுக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பளம் எழுதுகிறவர், "வேத்து மதத்துக்காரர், எவ்வளவு மரியாதை பாருங்க" என்றார். எனக்கே என் பேச்சு மிகவும் பிடித்திருந்தது.

முதலாளி பொறுமையாகக் கேட்டு முடித்தார். பிறகு என்னையே உற்றுப் பார்த்தார்.

"கனி, ஒனக்கு இந்தக் கண் திறப்புல எல்லாம் நம்பிக்கை கிடையாதுல்ல?"

"அது... மரியாதை உண்டுங்க."

"மரியாதை இருக்கட்டும். பயம் இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப நீ சுரண்டு."

"அத்தா முகம் எழுதக் கூடாதுன்னு..."

"எழுதக் கூடாதுன்னுதான சொன்னாரு. அழிக்கக் கூடாதுன்னு சொல்லலையே. இன்னும் சந்தோஷப்படுவாரு" என்று சொல்லி, சாயம் சுரண்டும் தகட்டை என் கையில் திணித்தார். வரதன் துண்டால் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

முதல் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அப்போது வாசலில் குடையை மடக்கிக்கொண்டு டிரில் மாஸ்டர் உள்ளே வந்தார். கதவோரம் நின்றார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு வழி இருந்தது. முகத்தைச் சுரண்டிவிட்டு வாயை மூடிக்கொண்டால் அன்றைக்குத் தப்பலாம். அந்த மனுஷர் கோள் சொல்கிறவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்படித்தான் நினைத்துக்கொண்டு தகட்டை ராஜாவின் நெற்றியில் வைத்தேன். வரதன் எழுதிய முகம். நான் எவ்வளவு கேலி செய்தாலும், நல்ல முகம். நேற்றுத் திறந்த கண் என்னைப் பார்க்கிறது. அந்த முகத்தில் ஒரு குறையும் இல்லை. அதற்கு ஒரு சாண் கீழே நான் எழுதிய மெடல்கள், அத்தனையும் தப்பு. சரியாக இருப்பதை என் கையாலேயே அழித்து, தப்பாக இருப்பதைக் காப்பாற்றப் போகிறேன்.

தகட்டைக் கீழே வைத்தேன். "மூஞ்சிய அழிச்சுப் பிரயோஜனம் இல்லைங்க. உடம்பே தப்பு" என்றேன்.

"என்ன தப்பு?"

"மெடல் எல்லாம் பக்கம் மாறிக் கெடக்கு. இடது மார்புல இருக்கணும்."

முதலாளி படத்தைப் பார்த்தார். டிரில் மாஸ்டரைப் பார்த்தார். அவர் மெதுவாகத் தலையசைத்தார். முதலாளி ஒவ்வொரு படமாக நடந்து போனார். இருபத்துநான்காவது வரைக்கும் போனார், ஏதாவது ஒன்றிலாவது சரியாக இருக்காதா என்பது போல. திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"எப்பத் தெரியும்?"

"நேத்துங்க. இவர் வந்து சொன்னாரு."

அவர் நகரவில்லை. "எப்பத் தெரியும், கனி?"

பட்டறையே என்னைப் பார்த்தது. வரதன்கூடத் துண்டை எடுத்துவிட்டுத் திரும்பியிருந்தான். "மொதப் படத்துலேயே உறுத்துச்சுங்க" என்றேன். "கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு விட்டுட்டேன்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "வீட்டுக்குப் போ. பெருநாள் கழியட்டும்" என்று மட்டும் சொன்னார். பெருநாள் கழிந்து என்ன என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கத் தெரியவில்லை, பாருங்கள்.

அடுத்த சில நாட்கள் எப்படிப் போயின என்று விவரிக்கத் தேவையில்லை. செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. அத்தா அத்தர் புட்டிகளைத் துடைத்துத் துடைத்து வைத்தார். மாமன்தான் உற்சாகமாக வந்துவிட்டார். "தோலுக்கு மூஞ்சியும் கெடையாது, மெடலும் கெடையாது மாப்ளே. ஒனக்குன்னே ஆண்டவன் படைச்ச தொழில்" என்றார். நான் ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

பெருநாள் அன்று தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறோம். வாசலில் ஜட்கா நின்றது. முதலாளியும் வரதனும் இறங்கினார்கள். முதலாளி கையில் ஒரு காகிதக் கட்டு. என் கணக்கைத் தீர்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் வரதனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தின்பண்டம் எதையும் தொடாமல் இளநீரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"நேத்திக்கு பார்பர் வந்து இவருக்குச் சவரம் பண்ணினான். பட்டறையிலேயேதான். பாதி தாடி எடுத்துட்டு, பாருங்கோன்னு கண்ணாடியைக் காட்டினான். இவர் கண்ணாடியைப் பார்த்தார். அப்படியே பாதி தாடியோட எழுந்து ஓடறார்."

"ஓடாம என்ன பண்றது" என்றார் முதலாளி. "கண்ணாடிக்குள்ள எனக்குப் பின்னால ராஜா நிக்கிறாரு. மெடல் இடது பக்கம் இருக்கு."

"அவ்வளவுதான். ஊர்ல சலூன் எத்தனைன்னு எண்ண ஆரம்பிச்சுட்டார். கண்ணாடிக்கு எதிர்ச் சுவத்துல மாட்டினா உக்கார்றவனுக்கு எல்லாம் நேரா தெரியும். கண்ணையும் அழிக்க வேண்டாம், மெடலையும் மாத்த வேண்டாம். பதினொரு ராஜா இதுக்குள்ளேயே கெளம்பிப் போயாச்சு."

பிறகு பல வருஷம் திருச்சி சலூன்களில் வேலையை விட்ட ராஜா கண்ணாடிக்குள் சரியாக நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த எத்தனையோ பேர் அவரைப் பார்த்திருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தவன்தான் குழம்பியிருப்பான்.

பிரியாணியை ரசித்துச் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு முதலாளி அந்தக் காகிதக் கட்டைப் பிரித்தார். உள்ளே ஒரு போட்டோ. புது ராஜா, அந்தத் தம்பி. என் முன்னால் வைத்து, "பாரு" என்றார்.

பார்த்தேன். மெடல் இடது மார்பில் இருந்தது. மூச்சு வந்தது. இன்னும் பார்த்தேன். மார்பின் குறுக்கே ஒரு பட்டை வலது தோளிலிருந்து இறங்கியது. பெரிய ராஜாவுக்கு அது இடது தோளிலிருந்து இறங்கும், நூறு தடவை எழுதியிருக்கிறேன். அதுவும் இதுவும் வேறு வேறு பட்டைகள், இரண்டுமே சரி என்று ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. அன்று தெரியாது. புது ராஜாவாயிற்றே, புது ஃபேஷன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வரதன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அத்தா பார்த்துக்கொண்டிருக்கிறார். மாமன் தாம்பூலத்தை மென்றுகொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"பட்டை எறங்குற தோள் உறுத்துதுங்க" என்றேன். "சரியா தப்பான்னு எனக்குத் தெரியல."

"யாருக்குத் தெரியும்?"

"டிரில் மாஸ்டருக்குத் தெரியலாம்."

முதலாளி எழுந்து செருப்பை மாட்டினார். "அப்ப கெளம்பு."

பெருநாள் சட்டையோடு ஜட்காவில் ஏறினேன். டிரில் மாஸ்டர் வீட்டில் அவர் ஈரத் தலையோடு வந்து போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மெடல்னா சொல்லிடுவேன். பட்டை எல்லாம் நமக்கு ரொம்ப மேல உள்ளவங்க போடுறது. மன்னார்புரத்துல பட்டாளத்துலேர்ந்து ரிட்டயரான ஜமேதார் ஒருத்தர் இருக்காரு. அவரு லாட்டு தொரைங்களப் பக்கத்துல நின்னு பாத்தவரு" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு அவரும் ஏறிக்கொண்டார். பட்டைக்கு எந்தத் தோள் என்று தெரியாத நாலு பேர், நடுவில் மடியில் ராஜாவோடு, மன்னார்புரம் போனோம். வழி நெடுக வரதன் என்னிடம் அது எந்தத் தோளாக இருக்கும் என்று இரண்டு பக்கமும் வாதாடினான். நான் சிரித்துக்கொண்டே வந்தேன். ஆனால் இன்னமும் யாரும் எனக்கு வேலை உண்டா இல்லையா என்று சொல்லவில்லை.

ஜமேதார் வீட்டு வாசலில் நாலு பேர் நின்றதும் அவர் மீசையை நீவிக்கொண்டு வெளியே வந்தார். அக்கம்பக்கத்திலும் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"யாருங்க நீங்கள்ளாம்?"

முதலாளி என் தோளில் கை வைத்து என்னை முன்னால் நிறுத்தினார். "சீமை ராஜா படம் எழுதுற பட்டறைங்க. நான் மொதலாளி. உடம்பு, மெடல், பட்டை எல்லாம் இவரு பொறுப்பு. நாளைக்கு வேலை ஆரம்பிக்கிறோம். அதுக்கு முன்னால இவருக்கு ஒரு சந்தேகம்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை அவர் கொஞ்சமும் கூசாமல், தெருவே கேட்கும்படி, பெருமையாகச் சொன்னார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. புதுச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, ஜமேதாரிடம் என் சந்தேகத்தைக் கேட்டேன்.